ஆயிரம் டாலரில் துப்பாக்கியும் அவசரகாலச் சாமானும்: டெக்சாஸில் எதை முதலில் வாங்குவது?

நீங்கள் அனுப்பிய கேள்வியை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். டல்லாஸுக்கு வடக்கே சொந்த வீடு. போன வருடம் கிரீன் கார்டு வந்துவிட்டது. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அதே வீட்டில் எச்-1பி விசாவில் இருக்கும் மனைவியின் தம்பி. கையில் ஆயிரம் டாலர். அதற்குள் ஒரு துப்பாக்கி, சுடப் பழகும் செலவு, 2021 பனிப்புயலில் போன மாதிரி மின்சாரம் போனால் குடும்பம் தாக்குப்பிடிக்கத் தேவையான சாமான் எல்லாம் அடங்க வேண்டும். ஆபீஸில் ஒருவர் ஏஆர்-15 ரைபிள் வாங்கு என்கிறார். யூடியூபில் ஒருவர், ரஷ்யாவின் பழைய ராணுவ ரைபிளான மோசின்-நாகன்ட் நூறு டாலருக்குக் கிடைக்கும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேர் பேச்சையும் தள்ளி வையுங்கள். என் கணக்கில் ஆயிரத்தில் 400 டாலருக்கு மேல் துப்பாக்கிப் பக்கம் போகக்கூடாது. அந்த 400லும் துப்பாக்கியின் விலை பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மீதி 600 குளிருக்கும் தண்ணீருக்கும் அடுப்புக்கும். ஏன் என்று பின்னால் வருகிறேன். முதலில் சட்டம். உங்கள் வீட்டு நிலவரத்தில் அதுதான் காலை வாரிவிடக்கூடிய இடம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 விசாக்களில் இருப்பவர்களுக்குக் கூடாது. இது மத்திய அரசின் சட்டம், டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் மாறாது. துப்பாக்கி என்றில்லை, தோட்டா வைத்திருந்தாலே குற்றம்தான். ரேஞ்சில், அதாவது சுடப் பழகும் இடத்தில், வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆபீஸ் நண்பர்கள் கூட்டமாக ரேஞ்சுக்குப் போய் ஃபோட்டோ எடுத்துப் போடும் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. டெக்சாஸில் அந்த லைசென்ஸ் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடியும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். செப்டம்பர் 1ஆம் தேதி புதுப்பிக்க மறந்தால் அன்றிலிருந்தே மறுபடி தடை.

உங்கள் மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கி உங்கள் பெயரில் இருக்கலாம். ஆனால் பெட்டியின் சாவி எங்கே என்று அவருக்குத் தெரியும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை இருந்தால், கையால் தொடாமலே அவர் வசம் இருந்ததாக வழக்கு போட இடம் உண்டு. ஆகவே பூட்டின் எண்ணை அவரிடம் சொல்லாதீர்கள், சாவியைப் பொது இடத்தில் தொங்கவிடாதீர்கள். அவர் பணம் கொடுத்து, "மாமா, உங்க பேர்ல ஒண்ணு வாங்கித் தாங்க" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். உண்மையில் வாங்குபவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர் என்றால் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 15 ஆண்டு வரை சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. கிரீன் கார்டு அதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

வாங்கும் முறை நம் ஊரோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். அங்கே கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்தும் லைசென்ஸ் கிடைக்காது. இங்கே கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, இப்போதைய முகவரி உள்ள டிரைவிங் லைசென்ஸையும் கிரீன் கார்டையும் காட்டினால், கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். பல சமயம் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். 1998இல் தொடங்கிய ஏற்பாடு இது. "தாமதம்" என்று வந்தால் மூன்று வேலை நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் பெயர்களுக்கு இது சகஜம், பதற வேண்டாம். ரைபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கி வாங்க 18 வயதும், பிஸ்டலுக்கு, அதாவது கைத்துப்பாக்கிக்கு, 21 வயதும் ஆகியிருக்க வேண்டும். படிவத்தில் கஞ்சா பற்றிய கேள்வியைப் படித்துப் பார்த்துப் பதில் எழுதுங்கள். சில மாநிலங்களில் கஞ்சா சட்டபூர்வம் என்பது அந்தக் கேள்விக்குப் பொருந்தாது. ஆன்லைனில் வாங்கினாலும் துப்பாக்கி வீட்டுக்கு வராது. லைசென்ஸ் உள்ள உள்ளூர்க் கடைக்குத்தான் வரும், அவர் இருபது முதல் நாற்பது டாலர் வரை கைமாற்றுக் கூலி வாங்குவார். 30 டாலர் மலிவு என்று ஆன்லைனில் வாங்கி, தபால் செலவும் கூலியும் சேர்த்து 40 டாலர் கூடுதலாகக் கொடுப்பவர்கள் ஏராளம்.

இப்போது மலிவு என்பதைப் பார்ப்போம். துப்பாக்கியின் விலை ஒருமுறைச் செலவு. தோட்டா ஒவ்வொரு முறையும் செலவு. பழகாமல் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கி யாருக்கும் பயன்படாது, உங்களுக்கே ஆபத்து. மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போய் ஒவ்வொரு முறையும் 100 தோட்டா சுடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2,400. .22 என்ற சின்ன அளவுத் தோட்டா ஏழு சென்ட் என்று வைத்தால் வருடத்துக்கு 170 டாலருக்குச் சற்றுக் குறைவு. பிஸ்டலுக்கான 9 எம்எம் தோட்டா 25 சென்ட் என்றால் 600 டாலர். ஏஆர்-15க்குப் போடும் 5.56 தோட்டா 45 முதல் 50 சென்ட், அதாவது 1,080 முதல் 1,200 டாலர். துப்பாக்கி 500 டாலருக்கு வந்தது என்று சந்தோஷப்பட்டவர் முதல் வருடத் தோட்டாவிலேயே அதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்திருப்பார். இல்லையென்றால் சுடுவதையே நிறுத்தியிருப்பார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

இந்த விலைகளும் நிலையானவை அல்ல. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடப் படுகொலைக்குப் பிறகு, சட்டம் இறுகிவிடும் என்ற பயத்தில் ஜனங்கள் அள்ளியதில், அடுத்த வருடம் கடைகளில் .22 தோட்டாவே இல்லை. அதிகாலையில் பெட்டிக்கு வரிசை நின்ற காலம் அது. 2020இல் கொரோனா, கலவரம், தேர்தல் மூன்றும் சேர்ந்து வந்தபோது 9 எம்எம் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. 2021 ஆகஸ்டில் ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைத்த விவகாரத்தில் அமெரிக்கா ரஷ்யத் தோட்டா இறக்குமதியைத் தடுப்பதாக அறிவித்தது. இரும்புக் கூடு போட்ட அந்த மலிவுத் தோட்டாவை நம்பி இருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். ஆகவே விலை இறங்கியிருக்கும்போது மாதம் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். பீதி கிளம்பிய பிறகு கடைக்குப் போகாதீர்கள்.

மோசின்-நாகன்ட் கதைக்கு வருவோம். எனக்குப் பிடித்த கதை என்பதால் கொஞ்சம் நீளும்.

1891இல் ஜார் மன்னர் காலத்தில் வடிவமைத்த ரைபிள் அது. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை துலாவிலும் இஷெவ்ஸ்க்கிலும் கோடிக்கணக்கில் செய்து தள்ளினார்கள். போருக்குப் பிறகு சோவியத் அரசு அவற்றைப் பழுது பார்த்து, காஸ்மோலின் என்ற கெட்டியான மசகில் முக்கி, மரப்பெட்டிகளில் அடுக்கிக் கிடங்கில் போட்டுவிட்டது. சோவியத் யூனியன் உடைந்ததும் அந்தப் பெட்டிகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 2000க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் விளையாட்டுச் சாமான் கடைகளில் எண்பது, நூறு டாலருக்கு நிற்கும். தோட்டாவும் அதே கிடங்குச் சரக்குதான்: 440 தோட்டா அடைத்த தகர டப்பா, கூடவே அதைத் திறக்க ஒரு கத்தி. ப்ரெப்பர்கள் என்று இங்கே சொல்லும் கூட்டம், அதாவது உலகம் நாளைக்கே முடியும் என்று சாமான் சேர்ப்பவர்கள், ரைபிள் ஒன்று, டப்பா இரண்டு என்று வாங்கித் தோட்டத்தில் புதைத்துக்கூட வைத்தார்கள். இன்றைக்கு அதே ரைபிள் 300, 400 டாலர். கிடங்கு காலியாகிவிட்டது, உக்ரைன் போரும் தடைகளும் வழியை அடைத்துவிட்டன. இணையத்தில் நீங்கள் பார்க்கும் "நூறு டாலர் ரைபிள்" வீடியோக்கள் பழசு, அவ்வளவுதான் விஷயம்.

விலை இறங்கினாலும் புதியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பழைய சோவியத் தோட்டாவின் கேப்பில், அதாவது அடியில் முதலில் வெடிக்கும் சின்ன மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்த பிறகு குழாய்க்குள் பொட்டாசியம் குளோரைடு படியும், கிட்டத்தட்டக் கறியுப்பு போன்ற உப்பு அது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, உப்பு எண்ணெயில் கரையாதே. வெந்நீரை ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் எண்ணெய். ஹூஸ்டன் புழுக்கத்தில் அன்று ராத்திரியே கழுவாவிட்டால் காலையில் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும். கூடவே அதன் உதைப்பு. ஒரு மணி நேரம் சுட்டால் தோள் கன்றிப்போகும். பழகுகிறவருக்கு அதனாலேயே ட்ரிகரை இழுக்கும்முன் உடம்பு முன்கூட்டியே சுருங்கும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதை விடுவிக்க மாதக்கணக்கில் ஆகும்.

பழைய சரக்கில் நமக்கு நெருக்கமானது ஒன்று உண்டு, பக்கத்துப் பேச்சாகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக் கண்காட்சிகளில் மேசை மேசையாகத் தேடினால், பிடியில் ஆர்எஃப்ஐ என்ற முத்திரையோடு ஒரு ரைபிள் கண்ணில் படும். மேற்கு வங்கம் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் நாம் பார்த்து வளர்ந்த திரீ நாட் திரீயின் தம்பி. 1962 சீனப் போருக்குப் பிறகு, நேட்டோ அளவுத் தோட்டாவுக்குப் பொருந்தும்படி இந்தியா மாற்றிச் செய்தது. ராணுவம் கழித்துக்கட்டிய பிறகு இவையும் கப்பலேறி இங்கே மலிவு விலையில் வந்து குவிந்தன. இப்போது சேகரிப்பாளர்கள் விடுவதில்லை. ஆசைக்கு ஒன்று வாங்கலாம், ஆனால் உங்கள் ஆயிரம் டாலரில் அதற்கு இடமில்லை.

சரி, எதைத்தான் வாங்குவது? முதல் துப்பாக்கி .22 ரைபிள். ரூகர் கம்பெனியின் 10/22 என்பது 1964இலிருந்து வருகிறது. பத்துத் தோட்டா பிடிக்கும் உருளை மேகசின், ஏறக்குறைய 300 டாலர், எந்தக் கடையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். அதைவிட மலிவாக சாவேஜ், மாஸ்பர்க் கம்பெனிகளின் .22 ரைபிள்கள் இருநூறை ஒட்டி இருக்கின்றன. அடகுக் கடையில் பழைய மார்லின் 60 மாட்டினால் விடாதீர்கள். குழாயில் தோட்டா நிரப்பும் ரகம். ஒருமுறை நன்றாகச் சுத்தம் செய்தாலே போதும், பெரும்பாலானவை ஒழுங்காகச் சுடும். உதைப்பு இல்லை, சத்தம் குறைவு, உங்கள் மனைவியும் முதல் நாளே பயமில்லாமல் சுடலாம். குறி பார்ப்பது, மூச்சை நிறுத்துவது, ட்ரிகரை மெதுவாக அழுத்துவது மூன்றையும் ஏழு சென்ட் தோட்டாவில் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டுக் காவலுக்குத்தான் வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால், அடுத்த வருடப் பட்ஜெட்டில் மாவெரிக் 88 ஷாட்கன். மாஸ்பர்க் 500இன் சிக்கன வடிவம், டெக்சாஸிலேயே ஈகிள் பாஸில் பூட்டுவது. 250 டாலரைச் சுற்றி. அண்ணனுக்கும் தம்பிக்கும் பெரிய வித்தியாசம் சேஃப்டி பட்டன் இருக்கும் இடம்தான். மாஸ்பர்க் 500இல் மேலே கட்டைவிரலுக்குக் கீழே, மாவெரிக்கில் ட்ரிகருக்குப் பக்கத்தில். துருக்கியிலிருந்து இன்னும் மலிவாக வருகின்றன. சில நன்றாகவே ஓடுகின்றன, ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒரு ஸ்பிரிங் உடைந்தால் யாரிடம் கேட்பது?

பிஸ்டல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு உள்விஷயம். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ ஏஜெண்டுகள் செத்த பிறகு, 9 எம்எம் போதவில்லை என்று எஃப்பிஐ முடிவு கட்டியது. அதன் தொடர்ச்சியாக 1990இல் .40 என்ற புது அளவு வந்தது, நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் அதற்கு மாறின. 2015 வாக்கில் எஃப்பிஐயே 9 எம்எம்முக்குத் திரும்பியது. போலீஸ் துறைகளும் பின்னாலேயே திரும்பி, கையிலிருந்த .40 பிஸ்டல்களைக் கடைகளுக்குத் தள்ளின. ஆகவே போலீஸ் கழித்த குளோக் 22, ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி 40 எல்லாம் புது பிஸ்டலை விடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. உறையில் உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும், உள்ளே பெரும்பாலும் அதிகம் சுடப்படாதவை. ஆனால் .40 தோட்டா 9 எம்எம்மை விட விலை கூட, உதைப்பும் கூட. மேலே போட்ட கணக்கை மறக்காதீர்கள். ஓஹையோவில் செய்யும் ஹை-பாயிண்ட் இருநூறு டாலருக்குக் கிடைக்கும். செங்கல் மாதிரி கனம், பார்க்கவும் அழகில்லை. எல்லோரும் கேலி செய்வார்கள், ஆனாலும் சுடும், ஆயுள் முழுக்க வாரண்டியும் உண்டு.

பயிற்சிக்கு நான் சொல்லும் மலிவான வழி டெக்சாஸ் வனவிலங்குத் துறையின் வேட்டைக் கல்வி வகுப்பு. 1971 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டையாட அது கட்டாயம், கட்டணம் சொற்பம். மான் சுடும் எண்ணமே இல்லாவிட்டாலும் போங்கள். துப்பாக்கியை எப்படிக் கையில் வாங்குவது, எப்படிக் கொடுப்பது, வேலியைத் தாண்டும்போது என்ன செய்வது என்பதையெல்லாம் அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் ரேஞ்சுக்குள் போகாதீர்கள். கூரை போட்ட ரேஞ்சில் காதுக்குள் அடைப்பு, மேலே காதை மூடும் மஃப் என்று இரண்டும் வேண்டும். கேட்கும் திறன் ஒருமுறை போனால் திரும்பாது. முடிந்ததும் முகம், கை இரண்டையும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தோட்டாப் புகையில் ஈயம் இருக்கிறது. அன்றைய சட்டையோடு பிள்ளைகளைத் தூக்காதீர்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை எந்தக் காரணத்துக்காகவும் ஊருக்குப் போகும் பையாக்காதீர்கள். ஓரத்து ஜிப்பில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா எக்ஸ்ரேயில் தெரிந்து, பயணியை ஆயுதச் சட்டத்தில் போலீசிடம் ஒப்படைத்த செய்தி சென்னை விமான நிலையத்திலிருந்தும் அவ்வப்போது வருகிறது. காலித் தோட்டாக்கூடு என்றாலும் விளக்கம் சொல்லி மாளாது.

பூட்டு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது, ஆனால் அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. பல ஊர்களில் போலீஸ் நிலையத்திலேயே கேபிள் பூட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் சுவரில் திருகி மாட்டும் இரும்பு அலமாரி நூறு, நூற்றைம்பது டாலர். அது பட்ஜெட்டில் இடிக்கும் என்றால் மலிவு ரைபிளை எடுத்துக்கொண்டு அலமாரி வாங்குங்கள். தோட்டாவைத் தனியாக, வேறு பூட்டில் வையுங்கள். டெக்சாஸில், பத்திரப்படுத்தாமல் வைத்த துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குப் போனால் பெரியவர் மேல் குற்றம். சட்டத்தை விடுங்கள், 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை. வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் அந்தக் காலம் முடியும்வரை துப்பாக்கியை வீட்டில் வைக்காதீர்கள். சில துப்பாக்கிக் கடைகளும் ரேஞ்சுகளும் பாதுகாப்புக்கு வாங்கி வைத்துக்கொள்ளும்.

இப்போது அந்த 600 டாலர். 2021 பிப்ரவரியில் வந்த பனிப்புயலில் டெக்சாஸில் 45 லட்சம் வீடுகள், கடைகளுக்கு மின்சாரம் போனது. மொத்த மின்கட்டமைப்பும் சரிந்து மாதக்கணக்கில் இருட்டாவதற்கு 4 நிமிடம் 37 வினாடிதான் மிச்சம் இருந்தது என்று பிறகு தெரிந்தது. மாநிலச் சுகாதாரத் துறை எண்ணிக்கையில் செத்தவர்கள் 246 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட நேரடியாகக் குளிரால். 19 பேர் கார்பன் மோனாக்சைடால், அதாவது வீட்டுக்குள் கரி மூட்டியும், கராஜில் காரையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டும். துப்பாக்கி இல்லாததால் யாரும் சாகவில்லை.

ஆகவே முதல் சாமான் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம், இரண்டு. ஒன்று இருபத்தைந்து டாலர். அது மாட்டிய பிறகுதான் வீட்டுக்குள் நெருப்பு பற்றிய பேச்சே. உள்ளே வைக்கலாம் என்று தயாரித்த புரோப்பேன் ஹீட்டர் நூறு டாலரை ஒட்டி வரும். ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும் ஏற்பாடு அதில் உண்டு, அப்படியும் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைக்க வேண்டும். விற்பவர்கள் சொல்லாத ஒரு கணக்கு: ஒரு பவுண்டு சிலிண்டர், குறைந்த சூட்டில் ஐந்து மணி நேரம்தான் வரும், முழுச் சூட்டில் இரண்டரை மணி நேரம். நாலு சிலிண்டர் வாங்கிவிட்டு மூன்று நாள் ஓட்டலாம் என்று இருப்பவர்கள் முதல் ராத்திரியே நடுங்குவார்கள். ஒரு டஜன் வாங்கி, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். எல்லோரும் ஒரே சின்ன அறையில் படுத்து, ஹீட்டர் எரியாத நேரத்தில் கதவிடுக்கைத் துண்டால் அடைத்தால் உடம்புச் சூடே பாதி வேலை செய்யும்.

அடுப்பில் நம் ஆட்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆசியக் கடைகளில் இருபத்தைந்து டாலருக்கு விற்கும் பியூட்டேன் அடுப்பு எல்லோர் வீட்டிலும் இருக்கும். பியூட்டேன் கொதிக்கும் நிலை பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குச் சற்றே கீழே. உறையும் குளிரில் கராஜில் கிடந்த டப்பாவில் திரவம் குலுங்கும், வாயு வராது, அடுப்பு பற்றாது. சரியாக எந்த நாளுக்காக வாங்கினீர்களோ அந்த நாளில் கையை விரிக்கும். புரோப்பேன் மைனஸ் 42 வரை வாயுவாகும். இரண்டு பர்னர் புரோப்பேன் கேம்ப் அடுப்பு எழுபது டாலருக்குள் வருகிறது. அதை வெளியே, பின்வாசல் திண்ணையில் வைத்துச் சமையுங்கள். பிரஷர் குக்கர் இருக்கிறதே, நம் பெரிய பலம். ஊறவைத்த பருப்பும் அரிசியும் குறைந்த எரிபொருளில் வெந்துவிடும்.

சாப்பாட்டுக்குத் தனியாகச் செலவே வேண்டாம். ப்ரெப்பர் கடைகளில் நூற்றுக்கணக்கில் விலை போட்டு விற்கும் "முப்பது நாள் உணவு வாளி"யைத் திறந்து பார்த்தால் பாதி அரிசியும் சர்க்கரைப் பானப் பொடியும்தான். உங்கள் வீட்டில் இப்போதே இருபது பவுண்டு அரிசி, துவரம்பருப்பு, புளி, ஊறுகாய், அப்பளம், பால் பவுடர் இருக்கும். இன்னொரு மூட்டை கூடுதலாக வாங்கிச் சுழற்றிக்கொண்டே இருந்தால் போதும். நீண்ட நாளைக்கு வேண்டுமென்றால், வெள்ளை அரிசியை மைலார் என்ற காற்றுப் புகாத பையில் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலத்தோடு அடைத்தால் இருபத்தைந்து, முப்பது வருடம் கெடாது. கைக்குத்தல் அரிசி அப்படித் தாங்காது, அதிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையினர் மத நம்பிக்கையாகவே வீட்டில் உணவு சேர்ப்பவர்கள். அவர்களுடைய சேமிப்பு மையங்களில் வெளியாருக்கும் டப்பா உணவு அடக்க விலைக்குக் கிடைக்கும். எதையும் கராஜில் மட்டும் வைக்காதீர்கள், டெக்சாஸ் கோடையில் முப்பது வருடம் என்பது சில வருடமாகச் சுருங்கிவிடும்.

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன். உங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு வாரத்துக்கு 35 கேலன். ஏழு கேலன் பிடிக்கும் கேன் ஐந்து, நூறு டாலர் சொச்சம். சந்தேகமான தண்ணீரை ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். எரிபொருள் இல்லையென்றால் வாசனை சேர்க்காத பிளீச், 6 சதவீதம் என்றால் கேலனுக்கு எட்டு சொட்டு, 8.25 சதவீதம் என்றால் ஆறு சொட்டு விட்டு, அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிளீச் ஒரு வருடத்தில் வீரியம் இழக்கும். மலையேறுபவர்கள் வைத்திருக்கும் இழை ஃபில்டர் நல்லதுதான். ஆனால் ஒருமுறை உபயோகித்து ஈரமான பிறகு அது உறைந்துவிட்டால் உள்ளே இழை வெடித்துவிடும், வெளியே ஒன்றுமே தெரியாது. குளிர் நாளில் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பனிப்புயலில் வீடுகளை நாசம் செய்தது மாடிப்பரணில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்ததுதான். தெருவோரம் உங்கள் தண்ணீர் மீட்டர் பெட்டி எங்கே என்று பார்த்துவைத்து, அங்கே தண்ணீரை அடைக்கும் நீண்ட சாவி ஒன்றைப் பதினைந்து டாலருக்கு வாங்கிவையுங்கள். இந்தப் பட்டியலில் பணத்துக்கு மிகப் பெரிய லாபம் அதுதான்.

ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கேயும் ஒன்று வேண்டும், துப்பாக்கி வைத்திருந்தால் கண்டிப்பாக. அசலின் விலை முப்பது டாலர். எட்டு டாலருக்கு ஆன்லைனில் வருவது போலி, முறுக்கும் கம்பி பாதியிலேயே உடையும். இந்த ஒரு சாமானில் மலிவு தேடாதீர்கள். "ஸ்டாப் தி பிளீட்" என்று மருத்துவமனைகள் பலவும் இலவச வகுப்பு நடத்துகின்றன, கணவன் மனைவி இருவரும் போய் வாருங்கள். பேட்டரி, ஜெனரேட்டர் மாதிரிச் சாமான்களை ஏப்ரல் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுங்கள். டெக்சாஸ் அரசு அவசரகாலச் சாமான்களுக்கு மூன்று நாள் விற்பனை வரி விலக்குக் கொடுக்கும், 3,000 டாலருக்குக் கீழே உள்ள ஜெனரேட்டர் உட்பட. வாங்கினால் வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி வைத்து ஓட்டுங்கள். சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கே மின்சாரம் ஏற்றப் பார்க்காதீர்கள், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

உங்கள் மைத்துனருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவர் துப்பாக்கியைத் தொட முடியாதே தவிர, ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசும் ரேடியோவின் லைசென்ஸ் எடுக்கலாம். அதற்குக் குடியுரிமையும் வேண்டாம், கிரீன் கார்டும் வேண்டாம், வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாவிட்டால் போதும். முதல் படி டெக்னீஷியன் பரீட்சை, 35 கேள்வி. எஃப்சிசி என்ற மத்திய அரசின் தகவல்தொடர்பு ஆணையத்துக்குக் கட்டணம் 35 டாலர். கையடக்க ரேடியோ இருபத்தைந்து டாலருக்கே வருகிறது, லைசென்ஸ் வரும்வரை கேட்க மட்டும் செய்யலாம், பேசக்கூடாது. செல்போன் கோபுரம் படுத்துவிட்ட நாளில் பக்கத்து ஊரில் எந்த ரோடு திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று அவர்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறார்.